கலங்கல் தண்ணி

மழை வந்தா எல்லாருக்கும் பஜ்ஜியும் இளையராஜாவும் ஞாபகத்துக்கு வருமாம். எனக்கு வர்றது பம்ப். 2006-ல் சிங்கப்பூர் வந்ததிலிருந்து கட்டுமானத் தொழிலில்தான் குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன். ராத்திரி மூணு மணிக்கு ஜன்னல் கண்ணாடியில் சடசடன்னு சத்தம் கேட்டா தங்கமணி போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்குவாங்க. நான் எழுந்து உட்கார்ந்து போனைத் தேடுவேன். "உங்களுக்கும் மழைக்கும் அப்படி என்னங்க பகை?"ன்னு ஒரு தடவை கேட்டாங்க. பகையெல்லாம் இல்லை, ஒரு கதை இருக்கு. பாதிக் கதையைப் பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன். எனக்குத் தோதான பாதி. மீதியை இன்னிக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் தொழில் பாடம். அது இல்லாம கதை புரியாது. தூக்கம் வந்தா நடுவில் ரெண்டு பத்தி தாண்டிக்கலாம், கோச்சுக்க மாட்டேன்.

நம்ம ஊரில் வீடு கட்டும்போது மழை பெஞ்சா என்ன நடக்கும்? அஸ்திவாரக் குழியில் தண்ணி நிக்கும். மோட்டார் வச்சு இறைச்சுத் தெருவில் விடுவோம். பக்கத்து வீட்டம்மா ரெண்டு வார்த்தை திட்டுவாங்க. அவ்வளவுதான். இங்கே அதே வேலையைச் செஞ்சா கேஸ்.

ஏன்னா இங்கே ரோட்டோரம் ஓடுற வாய்க்கால் சாக்கடை கிடையாது. கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைத்தண்ணிக்குத் தனி வாய்க்கால். வாய்க்கால், கால்வாய், ஆறு எல்லாம் சேர்த்து சுமார் 8,000 கிலோமீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி போய்ச் சேருறது நீர்த்தேக்கங்களில். மொத்தம் 17 நீர்த்தேக்கம். 2008-ல் மரினா அணை கட்டி நகரத்து நடுவுல இருந்த கடல் முகத்துவாரத்தையே நன்னீர் ஏரியாக்கிட்டாங்க. 2011-லிருந்து தீவோட மூணில் ரெண்டு பங்கு நிலம் குடிநீருக்கான நீர்ப்பிடிப்புப் பகுதி. மூணாவது புளோக்குக்குப் பின்னாடி ஓடுற வாய்க்கால் தண்ணி சுத்திச் சுத்தி ஒரு நாள் என் வீட்டுக் குழாயில் வருதுன்னு அர்த்தம். ஜொகூரிலிருந்து தண்ணி வாங்குற ஒப்பந்தம் 1962-ல் போட்டது, 2061-ல் முடியுது. அதனால வானத்திலிருந்து விழுற ஒவ்வொரு சொட்டுக்கும் இவங்க கணக்கு வச்சிருக்காங்க.

அந்த வாய்க்காலில் மண் கலந்த தண்ணியை விடுறது, குடிக்கிற பானையில் அழுக்குக் கையை விடுற மாதிரி. அதுக்கு ஒரு அளவு வச்சிருக்காங்க: கட்டுமானத் தளத்திலிருந்து வெளியே போற மழைத்தண்ணியில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் மண் இருக்கக் கூடாது. 20 லிட்டர் பக்கெட் நிறையத் தண்ணிக்கு ஒரே ஒரு கிராம் மண். வெறுங்கண்ணுக்கு லேசா மங்கலாத் தெரியலாம், அவ்வளவுதான். 'டீ மாதிரி இருக்கு'ன்னு சொல்லும் நிலைமையெல்லாம் இந்த அளவைத் தாண்டி ரொம்ப தூரம் போனப்புறம் வர்றது.

மண்ணை முதல் தடவை தோண்டுறதுக்கு முன்னாடியே பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு, அதாவது பியுபிக்கு, ஒரு திட்டம் போகணும். ஈசிஎம்னு சொல்லுவோம். மண் அரிப்புத் தடுப்பில் தனிப் படிப்பு முடிச்ச, பதிவு பெற்ற இஞ்சினியர் கையெழுத்துப் போட்டிருக்கணும். நிலம் எந்தப் பக்கம் சரியுது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு மண் வெறுமனே கிடக்கும், பெருமழை வந்தா எவ்வளவு தண்ணி ஓடிவரும், அதைச் சுத்தி வளைக்கிற வாய்க்கால் எங்கே, தேக்கி வைக்கிற தொட்டி எவ்வளவு பெருசு, சுத்திகரிச்ச தண்ணி எந்த இடத்தில் வெளியே போகும் - எல்லாத்துக்கும் கணக்கும் படமும். கட்டிடத்துக்கு வரைபடம் போடுற மாதிரி தண்ணிக்கும் ஒரு வரைபடம். இது இல்லாம எக்ஸ்கவேட்டர் கையைத் தூக்கக் கூடாது.

இதில் எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு உண்டு. வேலை மூணு வரிசையில் நடக்கணும். முதலில் மண்ணை மூடு: கான்வாஸ், பாய் மாதிரி விரிக்கிற பிளாங்கெட், சரிவில் மெல்லிசா ஒரு சிமெண்ட் பூச்சு. அப்படியும் கரையிறதைத் தடுப்பு வேலியும் வாய்க்காலும் கட்டிப் பிடி. பிடிச்சதை மெசினில் விட்டுத் தெளியவை. மூணாவதில் மெசின் இருக்கிறதால அதைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும். விருந்தாளி வந்தா முதலாளி கூட்டிட்டுப் போய்க் காட்டலாம். கான்வாஸை யாரு காட்டுவா? அதனால முதல் வேலையைக் கோட்டை விட்டுட்டு மூணாவதை நம்பி உட்கார்ந்திருப்பாங்க. கூரையை மேயாம ஒழுகுற இடத்துக்கெல்லாம் பாத்திரம் தேடுற கதை.

அந்த மெசின் என்ன செய்யுதுன்னு முதல் தடவை பார்த்தப்போ எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துச்சு. களிமண் துகள் அவ்வளவு சன்னம். ரெண்டு மைக்ரான் துகள் அசையாத தண்ணியில் ஒரு மீட்டர் கீழே இறங்க மூணு நாள் ஆகும். போதாததுக்கு எல்லாத் துகள் மேலயும் ஒரே மின்னூட்டம், ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே மிதக்கும். அதில் ஒரு மருந்தை (பாலி அலுமினியம் குளோரைடு, சைட்ல சுருக்கமா 'மருந்து') சொட்டுச் சொட்டா விட்டா, தள்ளுறதை நிறுத்திட்டுக் கட்டிப் பிடிச்சுக்கும். திரிஞ்ச பால் மாதிரி திரண்டு அடியில் போய் உட்கார்ந்துடும். பாட்டி வீட்டில் ஆத்துத் தண்ணிப் பானையோட உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்ச்சு வைப்பாங்க. காலையில் தண்ணி கண்ணாடியா இருக்கும். ஏன்னு கேட்டா, "அது தேத்தும்டா, அதான் பேரே"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எனக்குக் காரணம் தெரிய 27 வயசாச்சு.

இன்னொரு கூத்து கொசு. மழைத்தண்ணியைத் தேக்கி வைன்னு பியுபி சொல்லுது. தேங்கின தண்ணியில் ஒரு கொசுப்புழு கிடைச்சாலும் தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும், டெங்கி பயம். ரெண்டும் நியாயம்தான். நடுவில் மாட்டுறது சைட் இஞ்சினியர். தேக்கணும், ஆனா தேங்கக் கூடாது :-)

அமெரிக்காவில் இருக்கிற என் காலேஜ் கூட்டாளியும் இதே தொழில்தான். அங்கே 1972-ல் வந்த தூய நீர்ச் சட்டத்துக்குக் கீழே கட்டுமானத் தளத்துக்கு மழைநீர் பெர்மிட் வாங்கணும். 1990-ல் கொண்டுவந்த விதியில் 5 ஏக்கரும் அதுக்கு மேலயும்தான். 2003-லிருந்து 1 ஏக்கர் மண்ணைக் கிளறினாலே பெர்மிட். வேலை தொடங்குறதுக்கு முன்னாடி மாசுத்தடுப்புத் திட்டம் ஒண்ணு எழுதி சைட்டில் வச்சிருக்கணும். மத்திய அரசு பெர்மிட்டில் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை சுத்திப் பார்க்கிற முறையைத் தேர்ந்தெடுத்தா, கால் அங்குலம் மழை பெஞ்சாலும் 24 மணி நேரத்துக்குள்ள போய்ப் பார்த்து எழுதி வைக்கணும். எங்க 50 மாதிரி நாடு முழுக்க ஒரே எண் வைக்க அவங்களும் 2009-ல் பார்த்தாங்க. கலங்கல் அளவு 280-க்கு மேல் போகக் கூடாதுன்னு விதி போட்டாங்க. வீடு கட்டுற தொழில்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011-ல் அந்த எண்ணை நிறுத்தி வச்சு, 2014-ல் தூக்கியே போட்டாங்க. "எங்களுக்கு எண் கிடையாதுடா, நோட்டுப் புத்தகம்தான். எழுதினியா, கையெழுத்துப் போட்டியா, அதான் கேள்வி"ன்னு அவன் சொன்னப்போ நான் ஒண்ணும் பேசலை. கையெழுத்து விஷயம் எனக்குத் தெரியும்.

மன்னார்குடிப் பக்கம் பிறந்தவனுக்கு ஆரம்பத்தில் இந்த 50 மில்லிகிராம் கொஞ்சம் சிரிப்பாத்தான் இருந்துச்சு. எங்க ஊரில் கலங்கல் தண்ணின்னா சந்தோஷம். மேட்டூர் திறந்து பத்துப் பதினைஞ்சு நாளில் ஆத்தில் புதுத்தண்ணி வரும். செம்பழுப்பு நிறம், நுரை, சருகு, மிதந்து வர்ற ஒத்தைச் செருப்பு. தண்ணியோட முனைக்கு முன்னாடி பசங்க ஓடுவோம். வண்டல் வந்தாத்தான் வயலுக்கு உசிரு. 1934-ல் மேட்டூர் கட்டினப்புறம் வண்டலில் முக்கால்வாசி அங்கேயே தங்கிடுச்சுன்னு அப்பா குறைப்படுவார். அவருக்குத் தண்ணி இன்னும் கலங்கலா வரணும்! அந்த வீட்டிலிருந்து வந்தவன் இங்கே கண்ணாடிக் குப்பியில் தண்ணி பிடிச்சு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

சரி, கதைக்கு வர்றேன்.

2012 மே மாசம். ஒரு கம்பெனி (பேர் வேண்டாம்), அடித்தளத்தோட ஒரு அடுக்குமாடி. ஆறு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிக்கிட்டிருந்தோம். நல்ல செம்மண், கிரானைட் மக்கி உண்டானது, தண்ணி பட்டா குங்குமத்தைக் கரைச்ச மாதிரி ஓடும். ஈசிஎம் பொறுப்பு என்கிட்ட. பம்ப், மெசின், தொட்டி எல்லாத்தையும் கையில் வச்சுக்கிட்டு ஓட்டினவர் பேராவூரணிக்காரர். என்னை விடப் பத்து வயசு மூத்தவர். சைட்டில் நாலு பேர் முன்னாடி என்னை 'சார்'னு கூப்பிடுவார், தேக்காவில் பார்த்தா 'தம்பி'. ஊருக்குப் போயிட்டு வரும்போது அவங்க வீட்டு அதிரசம் எனக்கும் ஒரு பொட்டலம் வரும். ரெண்டு பெண் குழந்தைங்க. ஒன்பது வருஷமா இங்கே. முதல் தடவை ஏஜெண்டுக்குக் கட்டின காசை அடைக்கவே ரெண்டு வருஷம் ஆச்சும்பார். மருந்து விடுறதில் அவர் கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது. மீட்டரைப் பார்க்காமலே தண்ணியை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்து "இன்னும் ரெண்டு சொட்டு வேணும்"பார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்து, "சார், மருந்து டிரம் ரெண்டும் காலி. அடியில கொஞ்சம் இருக்கு, மழை வந்தா தாங்காது"ன்னார். ஸ்டோருக்குப் போன் போட்டேன், திங்கள் காலையில்தான் வரும்னாங்க. சரின்னு விட்டுட்டேன். சரிவில் விரிச்சிருந்த கான்வாஸை வெள்ளிக்கிழமை எக்ஸ்கவேட்டருக்கு வழி வேணும்னு எடுத்தது அப்படியே சுருட்டிக் கிடந்துச்சு. அதையும் பார்த்தேன். திங்கள்கிழமை கீழே கான்கிரீட் போட லாரி சொல்லியாச்சு, அந்த ஓட்டத்தில் இருந்தேன். ஒரு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது அன்னாடம் போடுற செக்லிஸ்ட் மேஜை மேல் கிடந்துச்சு. மேலிருந்து கீழே வரைக்கும் ஒரே இழுப்பில் டிக் டிக் டிக். 'சரிவு மூடப்பட்டுள்ளதா', டிக். 'மருந்து இருப்பு', டிக். கீழே கையெழுத்து. அந்தக் காகிதத்தை அதுக்கு முன்னாடி யாரும் திருப்பிக் கேட்டதே இல்லை.

இங்கே சுமத்ராப் புயல்காத்துன்னு ஒண்ணு உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும் எப்போ வேணாலும் வரும். கடலைத் தாண்டி விடியற்காலையில் வரிசை கட்டி வந்து, ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரத்தில் ஊரையே துவைச்சுப் போட்டுட்டுப் போயிடும். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை அதுதான் வந்துச்சு. 4.50-க்குப் போன். சைட் கொட்டகையில் தங்கியிருந்தவர் அவர்.

"சார், தூக்கத்துல எழுப்பிட்டேன். தொட்டி நெறைஞ்சு வழியுது. மெசின் ஓடுது, மருந்து தீந்துபோச்சு. கீழ குழியில முழங்கால் தண்ணி. என்ன செய்யட்டும்?"

"வெளியேத்துங்கண்ணே. தண்ணி நின்னா நாளைக்குக் கான்கிரீட் போச்சு."

"வெளியன்னா... நேரா ட்ரெயினுக்கா சார்?"

நான் ஒரு நொடி பேசலை. அப்புறம் சொன்னேன்: "பார்த்துச் செய்ங்கண்ணே."

போனை வச்சுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்.

'பார்த்துச் செய்ங்க' - இந்த ரெண்டு வார்த்தை மாதிரி ஒரு வசதி நம்ம மொழியில் வேற இல்லை. கல்யாண புரோக்கரிலிருந்து கவுன்சிலர் வரைக்கும் சொல்றது. சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. காரியம் நடந்தா நான் சொன்னது, மாட்டிக்கிட்டா நீ செஞ்சது. அன்னிக்கு நான் தூக்கக் கலக்கத்தில் சொன்னேன்னு ரொம்ப வருஷம் எனக்கே சொல்லிக்கிட்டேன். இல்லைங்க. அந்த ஒரு நொடியில் நல்லா முழிச்சுத்தான் இருந்தேன்.

அவர் குழியிலிருந்து ஹோஸை எடுத்து தடுப்புத் தகரத்துக்கு மேல போட்டு நேரா வாய்க்காலில் விட்டார். ஏழு மணிக்கு மழை விட்டு வெயில் வந்துச்சு. கால்வாய் ஓரம் ஓட்டப்பயிற்சிக்குப் போன ஒருத்தர் பார்த்தது ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் செக்கச்செவேல்னு தண்ணி. போட்டோ எடுத்துப் புகார் கொடுத்துட்டார். எட்டரைக்கு அதிகாரி எங்க கேட்டில். ஹோஸ் இன்னும் ஓடிக்கிட்டிருந்துச்சாம். குப்பியில் தண்ணி பிடிச்சுட்டுப் போனாங்க. முடிவு வந்தப்போ எண் 50 இல்லை, ஆயிரங்களில் இருந்துச்சு.

அபராதம், கொஞ்ச நாளைக்கு மண் வேலை நிறுத்தம், திட்டத்தைத் திருத்தி மறுபடி கொடுக்கிற வேலை. அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கிச்சு. எனக்கு மறக்காதது செவ்வாய்க்கிழமை கண்டெய்னர் ஆபீசில் நடந்த விசாரணை. பெரிய மேனேஜர் ஒருத்தர், பாதுகாப்பு அதிகாரி ஒருத்தர், இந்தப் பக்கம் பேராவூரணிக்காரர். ரெண்டு பக்கத்துக்கும் நடுவில் மொழிபெயர்க்க உட்கார்ந்தவன் நான். சைட்டில் தமிழும் இங்கிலீஷும் தெரிஞ்ச ஆபீசர் நான் ஒருத்தன்தான்.

மருந்து ஏன் போடலைன்னு கேட்டாங்க. அவர், "டிரம் காலியா இருந்துச்சு"ன்னார். மேனேஜர் கோப்பைத் திருப்பிச் சனிக்கிழமை செக்லிஸ்ட்டை எடுத்தார். மருந்து இருப்பு, டிக். திங்கள் காலை எட்டு மணிக்கே புது டிரம் வந்து இறங்கியிருந்துச்சு, வெளியே போய்ப் பார்த்தாலும் நிறைஞ்சுதான் இருந்திருக்கும். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்.

யார் பம்ப் போடச் சொன்னதுன்னு அடுத்த கேள்வி. அவர் என் பக்கம் திரும்பி, நிதானமாத்தான் சொன்னார்: "சாருக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் செஞ்சேன்."

நான் இங்கிலீஷில் சொன்னது: மழை அதிகமா இருந்ததால பயந்துபோய் அவரே போட்டுட்டாராம்.

ஒன்பது வருஷம் இங்கே இருந்தவருக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியாதா? என் முகத்தையே பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. தண்ணியை உள்ளங்கையில் அள்ளி எவ்வளவு கலங்கல்னு பார்ப்பாரே, அந்தப் பார்வை. அப்புறம் கேட்ட கேள்விக்கெல்லாம் "ஆமா", "இல்ல"ன்னு மட்டும் சொன்னார். கடைசியில் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாங்க. போட்டார், தமிழில்.

நாலு மாசம் கழிச்சு அவர் பெர்மிட் முடிஞ்சது. புதுப்பிக்கலை. காரணம்னு யாரும் எழுதலை, ஆள் குறைப்புன்னாங்க. போற அன்னிக்கு ஏர்போர்ட் வேனில் ஏறும்போது எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனார், என்கிட்டயும். "வர்றேன் சார்." சுத்தி யாருமே இல்லாத நேரம் அது. வழக்கப்படி 'தம்பி'ன்னு சொல்லியிருக்கணும்.

அதுக்கப்புறம் நான் வேலையில் ரொம்ப ஒழுங்காயிட்டேன். பெருமைக்குச் சொல்லலை. டிக் அடிக்கிறதுக்கு முன்னாடி டிரம்மை ஆட்டிப் பார்ப்பேன். நடுராத்திரி போன் வந்தா, 'ட்ரெயினுக்கு வேண்டாம், குழியிலயே நிக்கட்டும், நான் வர்றேன்'னு முழு வாக்கியமாச் சொல்லுவேன். குழியில் தண்ணி நின்னா ஒரு நாள் வேலை போகும், ரெண்டு லாரி கான்கிரீட் வீணாகும், அவ்வளவுதானே! அந்தச் சின்னக் கணக்கை யாரும் வேலைக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதில்லை. 'தண்ணி நிக்கக் கூடாது'ன்னு மட்டும் கத்துறோம். இப்போ பெரிய சைட்டில் வெளியேறும் வாய்க்காலைப் பார்த்த மாதிரி கேமரா இருக்கு, தண்ணி நிறம் மாறினா உடனே தகவல் போயிடும். நல்ல விஷயம்தான். ஆனா கேமராவுக்கு ஹோஸ்தான் தெரியும். அதைப் போடச் சொன்ன போன்கால் தெரியாது.

கோவிட் முடிஞ்சு 2022 ஜூலையில் ஊருக்குப் போனேன். அந்த வருஷம் மேட்டூரை மே 24-லேயே திறந்துட்டாங்க. போதாக்குறைக்கு ஜூலையில் கர்நாடகாவில் நல்ல மழை, ஆறு நிறையத் தண்ணி. பழைய கூட்டாளி ஒருத்தன்கிட்ட நம்பர் வாங்கிப் பேராவூரணிக்காரருக்குப் போன் பண்ணினேன். "வாங்களேன்"னார். குரலில் ஒண்ணும் தெரியலை. ஒரு டப்பா சாக்லேட்டும் கோடாலித் தைலமும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். (சிங்கப்பூர்க்காரன் வேற என்ன கொண்டு போவான்?)

2018 நவம்பர் கஜா புயலில் அவருக்கு அறுபது தென்னை போயிருந்துச்சு. புதுசா வச்ச பிள்ளைங்க இடுப்பு உயரத்துக்கு மேல வந்திருந்துச்சு. பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம், சின்னது நர்சிங் படிக்குது. அக்கா காப்பி கொடுத்தாங்க. கல்லணைக் கால்வாயோட கடைமடை அது, அந்த வருஷம் அங்கேயும் தண்ணி எட்டியிருந்துச்சு. தோப்புக்குக் கூட்டிட்டுப் போனார். வாய்க்காலில் பழுப்பாத் தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு. குனிஞ்சு ஒரு கை அள்ளிப் பார்த்துட்டு, "இதுக்கு எவ்ளோ ஃபைன் போடுவானுங்க தம்பி?"ன்னு கேட்டு அவரே சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

கொஞ்ச நேரம் பேசாம நடந்தோம். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"அன்னிக்கு அந்த ரூம்ல, நான் சொன்னதை இங்கிலீஷ்ல எப்படிச் சொன்னீங்க?"

பத்து வருஷம். அவருக்குத் தெரியாமலா கேட்கிறார்? என் வாயால் கேட்கணும், அவ்வளவுதான். சொன்னேன். வார்த்தை மாறாம, முதலில் இங்கிலீஷில், அப்புறம் தமிழில். செக்லிஸ்ட்டில் டிக் போட்டதையும் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது போல. நடக்கிறதை நிறுத்திட்டு, "டிரம்மு காலின்னு ஒங்ககிட்டதான சொன்னேன்?"ன்னார்.

"ஆமாண்ணே."

தலையை மட்டும் ஆட்டினார். தோளில் கிடந்த துண்டை உதறித் தலையில் கட்டிக்கிட்டு, மண்வெட்டியை எடுத்துட்டு அடுத்த பாத்திக்கு மடை திறக்கப் போயிட்டார். நான் வரப்பில் நின்னுக்கிட்டிருந்தேன். தண்ணி ஒவ்வொரு பாத்தியா ஏறி முடிய முக்கால் மணி நேரம் ஆச்சு. திரும்பி வந்து கையைக் கழுவிட்டு, "மூணரை பஸ்ஸை விட்டா அடுத்து அஞ்சரைக்குத்தான்"ன்னார்.